காலிஃபிளவர் ஏற்ற வாங்கிய கப்பல்: பிரிட்டனி ஃபெர்ரீஸ் எப்படி வளர்ந்தது, எப்படித் தாக்குப்பிடித்தது?

#1 நெய்தல்மணி

ஆங்கிலக் கால்வாயில் கார் ஏற்றிப் போகும் கப்பல் கம்பெனிகளைப் பற்றிக் கொஞ்ச காலமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். டவுன்சென்ட் தோரசன், சீலிங்க், சாலி லைன், ஹோவர்ஸ்பீட், சீஃபிரான்ஸ் எல்லாம் ஒரு காலத்தில் பேர் போன கம்பெனிகள். இன்று ஒன்றும் இல்லை. சில கைமாறிப் பெயர் இழந்தன, சில திவாலாயின. ஆனால் காய்கறி விவசாயிகள் தொடங்கிய பிரிட்டனி ஃபெர்ரீஸ் இன்றும் ஓடுகிறது. இன்றும் அந்த விவசாயிகளின் கூட்டுறவுதான் அதன் பெரிய பங்குதாரர். இது எப்படி நடந்தது என்று பேசத்தான் இந்த இழை.

தெரியாதவர்களுக்காக முன்கதை. பிரான்சின் வடமேற்கு மூலையில் பிரிட்டனி. அதன் வடகரையில் ரோஸ்கோஃப், சேன்-போல்-த-லெயோன் வட்டாரம். காலிஃபிளவர், ஆர்ட்டிசோக், உருளைக்கிழங்கு, வெங்காயம் எல்லாம் அமோகமாக விளையும் மண். ஆனால் விளைந்ததை வெளியே கொண்டுபோக நல்ல சாலை கிடையாது. பாரிஸ் எங்கோ இருந்தது. எதிர்க்கரையில் இங்கிலாந்து பக்கத்தில் இருந்தும், லாரி கலே துறைமுகம் வரை ஏறக்குறைய 700 கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டும்.

1961-இல் விலை சரிந்தபோது விவசாயிகள் கொதித்துப்போனார்கள். ஜூன் 8-ஆம் தேதி விடியற்காலையில் மோர்லே ஊரின் அரசு அலுவலகத்தையே கைப்பற்றினார்கள். முன்னால் நின்றவர் அலெக்ஸி கூர்வெனெக், அப்போது வயது 25. கைது செய்தார்கள். ஊரே திரண்டது. இரண்டே வாரத்தில் நீதிமன்றம் விடுவித்தது. அதே ஆண்டுதான் 'சிக்கா' என்ற கூட்டுறவுச் சந்தை அமைப்பையும் இவர்கள் தொடங்கினார்கள். 1968-இல் பாரிஸ் அரசிடம் போராடிப் பெற்றவற்றில் முக்கியமானது ரோஸ்கோஃபில் ஒரு ஆழ்கடல் துறைமுகம்.

துறைமுகம் வந்துவிட்டது. கப்பல் விட ஆள் இல்லை. இருந்த கப்பல் கம்பெனிகளிடம் கேட்டார்கள், யாரும் முன்வரவில்லை. சரி, நாமே விடுவோம் என்று 1972-இல் கம்பெனி தொடங்கி 'கெரிஸ்னெல்' என்ற சரக்குக் கப்பலை வாங்கினார்கள். 1973 ஜனவரி 1 அன்று இங்கிலாந்து ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்தது. மறுநாளே, ஜனவரி 2, கெரிஸ்னெல் ரோஸ்கோஃபிலிருந்து ப்ளிமத்துக்குப் புறப்பட்டது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கப்பலில் காசு பார்ப்பது இந்த முதலாளிகளின் முதல் நோக்கமாக இல்லை. தங்கள் ஊருக்கு ஒரு வழி வேண்டும் என்பதுதான் நோக்கம். அதனால்தான் மற்றவர்கள் விட்டுப்போன நேரங்களில் இவர்கள் நின்றார்கள்.

#2 வணிகவியல்மாணவி

நல்ல இழை அண்ணா. இரண்டு சந்தேகம். அனுபவமுள்ள கம்பெனிகளே வேண்டாம் என்று சொன்ன வழித்தடத்தில் ஒரு கூட்டுறவு எந்தத் தைரியத்தில் இறங்கியது? அப்புறம், அந்த 'சிக்கா' சந்தை எப்படிப்பட்டது? நம் ஊர் உழவர் சந்தை மாதிரியா?

#3 கூட்டுறவுக்காரர்

மாணவிக்குப் பதில். நான் கூட்டுறவுத் துறையில் பல காலம் வேலை பார்த்தவன், அதனால் இந்தப் பகுதி மட்டும் எனக்குப் பிடித்த விஷயம்.

உழவர் சந்தை மாதிரி இல்லை அம்மா. அங்கே விவசாயி நேராகச் சாப்பிடுகிறவருக்கு விற்கிறார். சிக்கா நடத்தியது மொத்த ஏலம். நம் மண்டிகளில் விலை ஏறிக்கொண்டே போகும். அங்கே ஒரு பெரிய வட்ட முகப்பில் முள் உச்சி விலையிலிருந்து கீழே இறங்கும். முதலில் பொத்தானை அழுத்தி முள்ளை நிறுத்துகிற வியாபாரிக்குச் சரக்கு. வியாபாரிகள் தங்களுக்குள் பேசி வைத்து விலையை அடிப்பது இதில் கடினம். அதற்கு முன்பு விவசாயி வண்டியில் சரக்கோடு போய்த் தரகர் சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டிய நிலை. அந்த ஏலச் சந்தை இருக்கும் இடத்தின் பெயர்தான் கெரிஸ்னெல். முதல் கப்பலுக்கு அரசர் பெயரோ புனிதர் பெயரோ வைக்காமல் சந்தையின் பெயரை வைத்தார்கள் என்பதிலேயே அவர்கள் மனசு தெரிகிறது.

தைரியம் எங்கிருந்து வந்தது என்றால், சரக்கு அவர்கள் கையில் இருந்தது. வெளிக் கம்பெனிக்கு அது தெரியாத வழித்தடம், லாரி வருமா வராதா என்ற கவலை. இவர்களுக்கு அந்தக் கவலை கிடையாது, லாரியில் ஏறப்போவதே இவர்கள் காய்தான். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ரோஸ்கோஃப்காரர்களுக்கு இங்கிலாந்து புதிய ஊர் அல்ல. 1828 முதல் அந்த ஊர் ஆட்கள் வெங்காயச் சரங்களைப் பாய்மரக் கப்பலில் ஏற்றிப் போய் இங்கிலாந்துத் தெருக்களில் வீடு வீடாக விற்றவர்கள். அங்கே அவர்களை 'ஜானி' என்று கூப்பிடுவார்கள்.

#4 கணக்கன்

கதை நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கணக்கையும் பேச வேண்டும். 1980-81-இல் இந்தக் கம்பெனி மூழ்கும் நிலைக்கு வந்தது. எண்ணெய் விலை ஏற்றம், மேற்குக் கால்வாயில் பெரிய ஆங்கிலக் கம்பெனிகளோடு போட்டி, 1980 ஆகஸ்டில் பிரெஞ்சு மீனவர்கள் துறைமுகங்களை மறித்தது என்று அடி மேல் அடி. அப்போது காப்பாற்றியது யார்? 1982-இல் பிரிட்டனியின் மாவட்ட, வட்டார நிர்வாகங்கள் சேர்ந்து 'சாபெமென்' என்ற அரசு-தனியார் கலப்பு நிறுவனத்தை அமைத்துக் கப்பல்களைச் சொந்தமாக்கிக்கொண்டன. பிரிட்டனி ஃபெர்ரீஸ் அவற்றை வாடகைக்கு எடுத்து ஓட்டியது. கப்பல் வாங்கும் பாரம் மக்கள் வரிப்பணத்தின் தலையில் விழுந்தது. இந்த வசதி இங்கிலாந்தின் டோவரிலிருந்து கலேக்கு ஓடிய கம்பெனிகளுக்குக் கிடைத்திருந்தால் அவற்றில் சில இன்றும் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே, விவசாயிகளின் பொறுமை என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது.

#5 நெய்தல்மணி

கணக்கன், சாபெமென் இல்லாமல் இந்தக் கதை இல்லை, அதில் நமக்குள் வேறுபாடு கிடையாது. ஆனால் அந்த நிர்வாகங்கள் ஏன் பணம் போட்டன என்று பாருங்கள். 1973-இல் வெறும் சரக்குக் கப்பல். அதில் எங்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று ஆங்கிலேயர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். 1974-இல் 'பென்-ஆர்-பெட்' என்ற பயணிகள், கார் ஃபெர்ரி வந்தது. 1976-இல் போர்ட்ஸ்மத்–சேன்-மாலோ. 1978-இல் ஒரே ஆண்டில் அயர்லாந்தின் கார்க், ஸ்பெயினின் சாந்தாந்தேர் இரண்டுக்கும் வழி திறந்தார்கள். சாந்தாந்தேருக்கு அப்போது சுமார் 24 மணி நேரப் பயணம். பிஸ்கே விரிகுடாவைக் கப்பலில் கடந்தால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டும் வேலை மிச்சம்.

இறங்கிய பயணிகள் எல்லாரும் பிரிட்டனியில்தான் தங்கினார்கள், சாப்பிட்டார்கள். கம்பெனியும் டிக்கெட்டோடு சேர்த்துக் கிராமத்து வீடுகளை விடுமுறைக்கு வாடகைக்கு விடத் தொடங்கியது. பண்ணை வீட்டின் காலியான பகுதியை ஆங்கிலக் குடும்பத்துக்கு விட்டு வருமானம் பார்த்த விவசாயிகள் ஏராளம். ஃபெர்ரி நின்றால் இத்தனையும் நிற்கும். அதனால் நிர்வாகங்கள் கப்பலில் பணம் போட்டது, பாலத்தில் பணம் போடுவது போன்றதுதான்.

1985-இல் செர்பூர்–பூல் தடத்தில் லாரிகளை ஏற்றிய 'ட்ரக்லைன்' கம்பெனியை வாங்கினார்கள். 1986-இல் கான் நகருக்குப் பக்கத்தில் உள்ள விஸ்ட்ரெஆம் துறைமுகத்திலிருந்து போர்ட்ஸ்மத்துக்குத் தொடங்கினார்கள். நார்மண்டிக்காரர்களும் பிரிட்டனியைப் பார்த்துத் தங்கள் கலப்பு நிறுவனத்தை அமைத்தார்கள். அதாவது முதல் 13 ஆண்டிலேயே மேற்குக் கால்வாயின் முக்கியத் துறைமுகங்கள் பெரும்பாலானவற்றில் கால் பதித்துவிட்டார்கள்.

#6 என்ஜின்ரூம்

கப்பல் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். வணிகக் கப்பலில் என்ஜினியராக இருக்கிறேன், ரோ-ரோ கப்பல்களில் (வண்டிகள் நேராக ஓடி ஏறி, ஓடி இறங்கும் கப்பல்கள்) வேலை பார்த்திருக்கிறேன்.

டோவர்–கலே சுமார் 40 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். அங்கே கப்பல் என்பது ஷட்டில். எவ்வளவு சீக்கிரம் லாரியை இறக்கி, ஏற்றி, மறுபடி கிளம்புகிறாய் என்பதில்தான் காசு. மேற்கில் ஆறு மணி, ஒன்பது மணி, இரவு முழுதும் பயணம். கேபின் வேண்டும், சமையலறை வேண்டும், அலையில் அதிகம் ஆடாத உடல் வேண்டும். இரண்டும் வேறு தொழில். 1980-கள் வரை பிரிட்டனி ஃபெர்ரீஸ் பெரும்பாலும் பழைய கப்பல்களை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ ஓட்டியது. 1989-இல் வந்த 'பிரெத்தாஞ்' தான் அவர்கள் தங்கள் தேவைக்கென்றே கட்டிய முதல் பெரிய கப்பல், சேன்-நசேர் கட்டுமானம். 2,000-க்கும் மேற்பட்ட பயணிகள், 580 கார்கள். சுவர் முழுக்க ஓவியர்களின் வேலை, உணவகத்தில் உண்மையான பிரெஞ்சுச் சமையல். கப்பலில் ஏறிய நிமிடமே விடுமுறை தொடங்கிவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு கட்டிய கப்பல் அது. 2024 இறுதி வரை ஓடியது, 35 வருஷம். இரவுக்கு இரவு உப்புக் காற்றில் ஓடும் ஃபெர்ரிக்கு இது நல்ல ஆயுள், பராமரிப்பு இல்லாமல் முடியாது.

நெய்தல்மணி குறிப்பிட்ட டவுன்சென்ட் தோரசன் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களும் வெளியாள்தான். ரயில்வே கம்பெனிகள் காரை ஏற்றக் கேட்ட கட்டணம் பிடிக்காமல், கேப்டன் ஸ்டூவர்ட் டவுன்சென்ட் 1928-இல் ஒரு நிலக்கரிக் கப்பலை வாடகைக்கு எடுத்து டோவர்–கலே ஓட்டினார். கிரேனில் காரைத் தூக்கி வைத்த காலம். அந்தக் கம்பெனி பெரிதாகி, பி அண்ட் ஓ என்ற பெரிய கப்பல் குழுமத்தின் கைக்கு மாறியது. 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் ஜீப்ரூகே துறைமுகத்தில் அதன் 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ்' கப்பல் கவிழ்ந்தது. முன் கதவைச் சாத்தாமலே புறப்பட்டார்கள். 193 பேர் இறந்தார்கள். கதவு மூடியதா என்று கப்பலை ஓட்டும் மேடையில் காட்ட ஒரு விளக்கு வேண்டும் என்று கப்பல் அதிகாரிகள் முன்னமே கேட்டும் கரையிலிருந்தவர்கள் கண்டுகொள்ளவில்லை. விசாரணை அறிக்கை நிர்வாகத்தைக் கடுமையாகச் சாடியது. அந்த ஆண்டே டவுன்சென்ட் தோரசன் என்ற பெயரை எடுத்துவிட்டுப் பி அண்ட் ஓ என்று மாற்றினார்கள். ரோ-ரோவில் வேலை பார்க்கும் எவரும் இதை மறக்க மாட்டார்கள். அவசரத்தை வைத்துக் காசு பார்க்கும் தடங்களில் இந்த ஆபத்து எப்போதும் இருக்கிறது.

#7 ஹாம்ப்ஷயர்_வாசி

போர்ட்ஸ்மத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம், குடும்பத்தோடு இந்தக் கப்பல்களில் போவது வழக்கம். சேவை நல்லது, குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பள்ளி விடுமுறை மாதங்களில் கட்டணம் கண்ணைக் கட்டுகிறது. கார், நான்கு பேர், இரவுக் கேபின் என்று சேர்த்தால், டோவர் வரை ஓட்டிப் போய்க் கால்வாய்க்கு அடியில் உள்ள ரயில் சுரங்கத்தில் கடப்பது பல சமயம் மலிவு. மேற்கில் போட்டி இல்லாததும் இதற்கு ஒரு காரணம் இல்லையா? விவசாயிகளின் கம்பெனி என்பதற்காகப் பயணி கூடுதலாகக் கொடுக்க வேண்டுமா?

#8 கணக்கன்

ஹாம்ப்ஷயர் அண்ணா சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன். 1994-இல் கால்வாய்ச் சுரங்கம் திறந்தது. 1999 ஜூலையில் கப்பலில் வரியில்லாக் கடைகளும் போயின. டோவர்க் கம்பெனிகள் பிராந்தி, சிகரெட் விற்ற காசில்தான் டிக்கெட்டை மலிவாகக் கொடுத்து வந்தன. இரண்டு அடியும் கிழக்கில்தான் பலமாக விழுந்தன. பிரிட்டனி ஃபெர்ரீஸுக்குத் தூரமே கவசம். இதில் முதலாளியின் குணத்துக்கு என்ன பங்கு?

#9 நெய்தல்மணி

பங்கு இருக்கிறது. அந்தத் தூரம் பி அண்ட் ஓ-வுக்கும் இருந்ததே! போர்ட்ஸ்மத்திலிருந்து செர்பூர், லெ ஆவ்ர் தடங்களை அவர்களும் ஓட்டினார்கள். 2005-க்குள் விட்டுவிட்டார்கள். போர்ட்ஸ்மத்–பில்பாவ் தடத்தை 2010-இல் விட்டார்கள். லெ ஆவ்ரை எடுத்த எல்டி லைன்ஸும் பத்தாண்டுக்குள் நிறுத்தியது. அதே மேற்குக் கால்வாய், அதே அலை, அதே பயணிகள். பி அண்ட் ஓ போன இடத்தில் பிரிட்டனி ஃபெர்ரீஸ் 'காப் ஃபினிஸ்தேர்' கப்பலை வாங்கிப் பில்பாவுக்கு ஓட்டத் தொடங்கியது. புவியியல் மட்டும் காரணம் என்றால் மற்றவர்களும் பிழைத்திருக்க வேண்டும்.

பங்குச் சந்தையில் இருக்கும் பெரிய குழுமத்துக்கு ஒரு தடம் மூன்று வருஷம் நஷ்டம் என்றால் கப்பலை விற்று வேறு தொழிலில் போடலாம். சிக்காவுக்கு அப்படி எங்கும் போக முடியாது, அவர்கள் நிலம் அங்கேதான் இருக்கிறது. 2004-இல் 'போன்-அவென்' கப்பலை ஜெர்மனியின் மேயர் வெர்ஃப்ட் தளத்தில் கட்டி வாங்கினார்கள். 2,400 பேர் போகலாம், மேலே நீச்சல் குளம். சுரங்கம் வந்து பத்து வருஷம் கழித்து, எல்லாரும் செலவைக் குறைத்துக்கொண்டிருந்த சமயத்தில் போட்ட முதலீடு அது.

கட்டணம் பற்றி: ஹாம்ப்ஷயர் அண்ணா சொல்வது நியாயமான புகார். கோடையில் சம்பாதித்துத்தான் குளிர்காலக் காலிக் கப்பலை ஓட்ட வேண்டியிருக்கிறது. மற்றொரு பெரிய காரணம் ஆள் சம்பளம்.

#10 என்ஜின்ரூம்

ஆமாம், அதைப் பேசியே ஆக வேண்டும். பிரிட்டனி ஃபெர்ரீஸ் கப்பல்கள் பிரெஞ்சுக் கொடியில், பிரெஞ்சு மாலுமிகளோடு ஓடுகின்றன. பிரெஞ்சு ஒப்பந்தம், பிரெஞ்சு சமூகப் பாதுகாப்பு. கால்வாயில் மற்றவர்கள் சைப்ரஸ் கொடி, ஏஜென்சி ஆட்கள் என்று போய்விட்டார்கள். 2022 மார்ச் 17 அன்று பி அண்ட் ஓ ஃபெர்ரீஸ் ஏறக்குறைய 800 பேரை ஒரு வீடியோ செய்தியில் வேலையை விட்டு அனுப்பியது. வருஷக்கணக்கில் அந்தக் கப்பலில் இருந்தவர்களை அன்றே இறங்கச் சொன்னார்கள். இதே தொழிலில் இருக்கிற எனக்கு அந்தச் செய்தியைப் படித்த கோபம் இன்னும் ஆறவில்லை. எனக்கும் முன்பு ஒரு கம்பெனியில் ஒப்பந்தம் முடியும் முன்னே 'ஏஜென்சி வழியாக வா, சம்பளம் குறைவு' என்று சொன்னார்கள். அது எப்படி இருக்கும் என்று தெரியும்.

அதற்குப் பிறகு 2023-இல் பிரான்சும் இங்கிலாந்தும் கால்வாய் மாலுமிகளின் குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஆளுக்கொரு சட்டம் கொண்டுவந்தன. பிரெஞ்சுச் சட்டத்துக்காக வெளிப்படையாகக் குரல் கொடுத்தவர்களில் பிரிட்டனி ஃபெர்ரீஸும் உண்டு. அவர்களுக்கு அதில் லாபமும் இருக்கிறது, சரிதான். அதனால் அது தப்பாகிவிடாது.

அதே சமயம் அங்கே எல்லாம் சுமுகம் என்று நினைக்க வேண்டாம். 2012 செப்டம்பரில் செலவுக் குறைப்புத் திட்டத்தை எதிர்த்து ஆட்கள் திடீர் வேலைநிறுத்தத்தில் இறங்க, நிர்வாகமே எல்லாக் கப்பல்களையும் நிறுத்திவிட்டது. கடைசியில் தொழிலாளர்கள் வாக்களித்துப் புதிய வேலை நேரத்தை ஏற்ற பிறகுதான் அக்டோபர் தொடக்கத்தில் மறுபடி ஓடியது. கசப்பான பத்துப் பன்னிரண்டு நாட்கள். ஆனால் சீருடை போட்ட ஆட்களை மாற்றி வேறு நாட்டு ஆட்களை ஏற்றவில்லை. பேசி முடித்தார்கள்.

#11 வணிகவியல்மாணவி

ரொம்ப நன்றி எல்லாருக்கும். பிரெக்ஸிட், கொரோனா காலத்தில் என்ன ஆனது? பயணிகளில் பெரும்பாலோர் ஆங்கிலேயர் என்றால் அது பலவீனம் இல்லையா?

#12 நெய்தல்மணி

பெரிய பலவீனம்தான். வருமானம் பவுண்டில், செலவு யூரோவில். 2016 வாக்கெடுப்புக்குப் பிறகு பவுண்டு இறங்கிய அன்றே அடி விழுந்தது. 2020-இல் பயணமே நின்றது. அரசு உத்தரவாதத்தோடு கடன் வாங்கினார்கள், 2021-இல் மார்செயின் பெரிய கண்டெய்னர் நிறுவனமான சிஎம்ஏ சிஜிஎம் 2.5 கோடி யூரோ போட்டு உள்ளே வந்தது. அதே நெருக்கடியில் 'ஒன்ஃப்லேர்' என்ற புதிய கப்பலின் ஆர்டரையும் ரத்து செய்ய வேண்டிவந்தது. ஜெர்மன் தளம் திணறி, வேலை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

பிரெக்ஸிட்டில் ஒரு நல்லதும் நடந்தது. அயர்லாந்து லாரிகள் இங்கிலாந்து வழியாகச் சுங்கச் சோதனைகளில் நிற்காமல் நேராகப் பிரான்சுக்குப் போக விரும்பின. ராஸ்லேர்–செர்பூர் தடத்தை 2021 ஜனவரியிலேயே அவசரமாகத் தொடங்கினார்கள். கார்க்குக்கு 1978-இலேயே வழி போட்டு வைத்தவர்களுக்கு அயர்லாந்து புதிது இல்லை.

#13 கணக்கன்

இப்போது ஓடும் புதிய கப்பல்கள், 'கலீசியா', 'சலமாங்கா', 'சான்டோன்யா', அப்புறம் 2025-இல் வந்த பேட்டரி-எரிவாயுக் கப்பல்கள் 'சேன்-மாலோ', 'கியோம் த நோர்மந்தி', ஐந்துமே சீனாவின் வெய்ஹாய் தளத்தில் ஸ்டீனா ரோரோ கட்டியவை. வாடகை ஏற்பாட்டில் வந்தவை. ஸ்டீனா இன்னொரு ஃபெர்ரி சாம்ராஜ்யத்தின் கிளை. நாளைக்குச் சிஎம்ஏ சிஜிஎம்மின் பங்கு வளர்ந்தால் சிக்காவின் பிடி என்ன ஆகும்? முதலாளியின் நோக்கம்தான் காரணம் என்று நீங்கள் சொல்வது சரியென்றால், முதலாளி மாறும் ஆபத்தையும் பேச வேண்டும்.

#14 கூட்டுறவுக்காரர்

கணக்கன் தம்பி கேட்டது இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. கூட்டுறவுகள் பெரும்பாலும் போட்டியில் சாவதில்லை. புதிய முதலீடு தேவைப்படும்போது வெளிப் பணத்தை உள்ளே விட்டு, ஒரு தலைமுறைக்குப் பிறகு உறுப்பினருக்கே அது தங்கள் சொத்து என்ற நினைப்பு போய்விடும். கூர்வெனெக் 2007-இல் இறந்தார். அவருக்குப் பிறகு தலைவரான ழான்-மார்க் ரூவே-யும் காய்கறி விவசாயிதான், வெளியிலிருந்து கொண்டுவந்த மேலாளர் அல்ல. அது எனக்கு நம்பிக்கை தருகிறது. இன்று கப்பலில் ஏறும் சரக்கில் பிரிட்டனிக் காலிஃபிளவர் சிறு பகுதிதான், ஆனால் சபையில் உட்காருபவர் காலிஃபிளவர் விலை தெரிந்தவராக இருக்கும் வரை ரோஸ்கோஃப்–ப்ளிமத் தடம் லாபக் கணக்கில் கடைசியில் இருந்தாலும் அதை யாரும் எளிதில் வெட்ட மாட்டார்கள்.

வாடகைக் கப்பல் பற்றிப் பயம் வேண்டாம். 1982 முதலே அவர்கள் அப்படித்தான் ஓட்டியிருக்கிறார்கள், அப்போது உரிமையாளர் ஊர் நிர்வாகம், இப்போது ஸ்டீனா. கவனிக்க வேண்டியது ஒப்பந்த முடிவில் வாங்கும் உரிமையைப் பயன்படுத்துகிறார்களா என்பது.

#15 ஹாம்ப்ஷயர்_வாசி

ஒரு சேர்க்கை. பிரெஞ்சுக் கரைக்குப் பக்கத்தில் உள்ள கெர்ன்சி, ஜெர்சி முதலிய கால்வாய்த் தீவுகளிலும் இப்போது போட்டி தொடங்கியிருக்கிறது. அந்தத் தீவுகளுக்கு ஓடிய காண்டர் ஃபெர்ரீஸை பிரிட்டனி ஃபெர்ரீஸ் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. ஆனால் 2025 மார்ச் முதல் கெர்ன்சி பிரிட்டனி ஃபெர்ரீஸோடும், ஜெர்சி டென்மார்க்கின் டிஎஃப்டிஎஸ்ஸோடும் தனித்தனியே ஒப்பந்தம் போட்டுவிட்டன. இரண்டு தீவுக்கும் நடுவில் போய்வருவது எப்படி என்று அங்கே இருக்கும் நண்பர்கள் புலம்புகிறார்கள். அடுத்த கோடைக் கட்டணங்கள் வந்ததும் போர்ட்ஸ்மத் தடங்களையும் கெர்ன்சியையும் ஒப்பிட்டு இங்கே போடுகிறேன்.